தூண் இல்லாத கூடம்: ரோமானியக் கட்டடக்கலை குறித்து ஒரு பதில்

கட்டடக்கலை படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி இது: "ரோமானியர்கள் கிரேக்கர்களைப் பார்த்துத்தானே கட்டினார்கள்? தூண், முக்கோண முகப்பு, பளிங்கு எல்லாமே அங்கிருந்து வந்தவைதாம் என்றால், ரோமானியர்களுக்கென்று தனியாக என்ன இருக்கிறது? எந்தெந்தக் கட்டட வகைகளை நான் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்?"

கட்டுமானப் பொறியியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையிலும், அந்தக் கட்டடங்களில் சிலவற்றின் சுவரைத் தொட்டுப் பார்த்தவன் என்ற முறையிலும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வியின் முதல் பாதி சரிதான். தூணும் முகப்பும் கிரேக்கர்களிடமிருந்து வந்தவை. ஆனால் பெரிய ரோமானியக் கட்டடங்களில் அவை மேலே போட்ட சட்டை. உடம்பு வேறு. பல நூறு பேர், சில இடங்களில் ஆயிரக்கணக்கானோர், ஒரே கூரையின்கீழ், நடுவில் ஒரு தூண்கூட மறைக்காமல் கூடி நிற்கக்கூடிய பெருங்கூடத்தை உண்டாக்கியவர்கள் ரோமானியர்கள். அவர்களுடைய கட்டட வகைகள் ஒவ்வொன்றையும் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே புரிந்துகொள்ளலாம்.

முதலில் கல்லின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லை அழுத்தினால் தாங்கும்; இழுத்தால் அறுந்துவிடும். இரண்டு தூண்களின்மேல் ஒரு கல் உத்தரத்தைக் கிடத்தினால் அதன் மேல்பாகம் அழுத்தப்படுகிறது, அடிப்பாகம் இழுபடுகிறது. தூண்களைத் தள்ளி வைக்க வைக்க அடிப்பாகத்தில் விரிசல் காணும். அதனால்தான் கல் உத்தரம் வைத்துக் கட்டுகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தூண்களை நெருக்கி நிறுத்தினார்கள். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுந்தது. வெளியிலிருந்து பார்க்க அதற்கு இணையான கட்டடம் குறைவு. உள்ளே, தூண் வரிசைகளுக்கு நடுவே தேவியின் சிலை. பலிபீடமும் கூட்டமும் திறந்தவெளியில்தான். வெளியே நின்று பார்ப்பதற்காகவே கட்டிய கட்டடம் அது. அந்த நோக்கத்தில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தக் கட்டிலிருந்து வெளியேற வழி, வளைவு. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை அரைவட்டமாக அடுக்கினால், ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்துகிறது. எந்தக் கல்லும் இழுபடுவதில்லை. உச்சிக்கல்லைச் செருகும்வரை கீழே மரச் சாரம் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். செருகியபின் சாரத்தை உருவிவிடலாம். வளைவை ரோமானியர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெசபடோமியாவிலும் எகிப்திலும் செங்கல் வளைவுகள் அவர்களுக்கு வெகு முன்பே இருந்தன. இத்தாலியிலேயே ரோமானியர்களுக்கு முன்பே செழித்த எட்ரஸ்கர்கள் என்ற மக்கள் நகர வாசல்களில் கல் வளைவுகளை வைத்தார்கள். ரோமானியர்கள் அதை வாசலோடு நிறுத்தாமல் கூரைக்கே கொண்டுபோனார்கள்.

ஒரே வளைவைப் பின்னோக்கி நீட்டிக்கொண்டே போனால், பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்ததுபோல ஒரு கூரை கிடைக்கும். இரண்டு பீப்பாய்க் கூரைகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டால், பாரம் முழுவதும் நான்கு மூலைகளுக்கு வந்துவிடும். நான்கு பக்கமும் உயரமான ஜன்னல் திறக்கலாம். வளைவைத் தன் அச்சிலேயே சுற்றினால் குவிமாடம். இந்த மூன்றையும் கண்ணால் பிரித்தறியத் தெரிந்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

ஒரு விலை உண்டு. வளைவு தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் உதைக்கிறது. அந்த உதையை வாங்கிக்கொள்ள எதிரே கனமான ஏதாவது நிற்க வேண்டும். பெரிய ரோமானியக் கட்டடம் எதைப் பார்த்தாலும், "இந்தக் கூரையின் உதை எங்கே போகிறது?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். தடித்த சுவரோ, பக்கத்து அறையோ, மலைச்சரிவோ விடையாக வந்து நிற்கும்.

இனி காங்கிரீட். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. பீப்பாய்க் கூரை ஒவ்வொன்றுக்கும் ஆப்புக் கல் செதுக்குவதென்றால் தேர்ந்த கல்தச்சர்கள் கணக்கில்லாமல் வேண்டும். ரோமானியர்கள் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு மாற்று வழி வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு, எரிமலைச் சாம்பல், தண்ணீர், அதில் கை அளவு உடைகற்கள். நேப்பிள்ஸ் வளைகுடா ஓரத்திலுள்ள பொசுவோலி என்ற ஊரின் சாம்பலுக்கு மதிப்பு அதிகம். இன்றைய சிமென்ட் துறையில் 'பொசோலானா' என்று சொல்வது அந்த ஊரின் பெயரைத்தான். வெறும் சுண்ணாம்புக் காரை காற்றுப் பட்டுத்தான் மெல்ல இறுகும். இந்தச் சாம்பலில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிவதால் கலவை தண்ணீருக்கு அடியிலும் இறுகும். யூதேயாவை ஆண்ட ஹேரோது மன்னன் கி.மு. 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் செசரியாவில் கடலுக்குள் துறைமுகம் கட்டியபோது, இந்தச் சாம்பலை இத்தாலியிலிருந்து மத்தியதரைக் கடலின் மறுகரை வரை கப்பலில் வரவழைத்திருக்கிறார்கள். செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சேர்த்தாலும் ஏறக்குறைய அதே வினை நடக்கும் என்பதும் ரோமானியர்களுக்குத் தெரியும். முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்போடு சுர்க்கி என்ற செங்கல் தூளைச் சேர்த்தது நம் வாசகர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும், வேதியியல் அதுவேதான்.

ரோமானியக் காங்கிரீட்டை இன்றுபோல் ஊற்றினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கலவை கெட்டியாக இருக்கும். ஒரு அடுக்குக் கலவை, அதன்மேல் ஒரு அடுக்குக் கல், மறுபடி கலவை என்று ஆட்கள் கையாலேயே பரப்பி அமுக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே இரும்புக் கம்பி கிடையாது. வெளிமுகத்துக்கு மட்டும் கல்லோ செங்கல்லோ கட்டி, நடுவில் இதை நிரப்பினார்கள்.

ரோமின் பழைய துறைமுக நகரமான ஓஸ்டியாவில் இடிந்து கிடந்த ஒரு சுவரின் குறுக்குவெட்டைப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்கான செங்கல் சுவர். வெட்டுமுகத்தில் பார்த்தால் அந்தச் செங்கல் ஒவ்வொன்றும் முக்கோணம். சதுரச் செங்கல்லை மூலைவாட்டில் வெட்டி, நீளமான பக்கத்தை வெளியே காட்டி, கூர் முனையை உள்ளே கலவைக்குள் புதைத்திருக்கிறார்கள். பல்லைப்போல அது கலவையைக் கவ்விக்கொண்டிருக்கிறது. நடுவே முட்டியளவு எரிமலைக் கற்களும் ஓட்டுத் துண்டுகளும் சாம்பல் நிறக் கலவையில் பதிந்து கிடக்கின்றன. இன்னும் பழைய சுவர்களில் செங்கல்லுக்குப் பதிலாகச் சிறு கூம்புக் கற்களைச் சாய்சதுரமாக அடுக்கியிருப்பார்கள்; முகம் மீன்வலை விரித்ததுபோல இருக்கும். இந்த முகத்தின் பாணியை வைத்தே ஒரு சுவரின் காலத்தை ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

இந்த முறையில் திறமையான ஆட்கள் சிலரும் சாதாரண உழைப்பாளிகள் பலரும் போதும். அச்சு எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தில் கூரை இறுகும். கி.பி. 64இல் ரோமைத் தின்ற பெருந்தீக்குப் பிறகு பேரரசர் நீரோ கட்டிய பொன் மாளிகையில் எண்கோண அறை ஒன்று இருக்கிறது. மேலே வட்டத் திறப்புள்ள குவிமாடம், சுற்றிலும் ஐந்து பக்கங்களில் அறைகள், அவற்றுக்குக் குவிமாடத்தின் முதுகுப் பக்கமிருந்து மறைவாக இறங்கும் வெளிச்சம். சுவர் என்று சொல்ல அங்கே மிச்சமிருப்பவை எட்டு மூலைகள்தாம். அதற்கு முன் யாரும் இப்படி உள்வெளியை மட்டுமே நினைத்து ஓர் அறையை வடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி ரோமிலுள்ள பாந்தியன் கோயில். வகைக்கு ஒன்று என்று எத்தனை சொன்னாலும், ஒரு கட்டடத்தை முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முகப்பில் "லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது கட்டினான்" என்று பெரிய எழுத்துகளில் வெட்டியிருக்கிறது. கான்சல் என்பது ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவி. அக்ரிப்பா முதல் பேரரசர் அகஸ்டஸின் நண்பர். அவருடைய கட்டடம் கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதனால் நிற்கும் கட்டடமும் அவருடையது என்றே பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 1892இல் ஜார்ஜ் ஷெடான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சுவருக்குள்ளிருந்த செங்கற்களின் முத்திரைகளைப் பார்த்தார். ரோமானியச் செங்கல் சூளைகள் முத்திரை குத்தும் வழக்கம் உடையவை. அவை கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்கு உரியவை. கட்டடத்தைப் பேரரசர் ஹேட்ரியன் ஏறத்தாழ 126 வாக்கில் முடித்தார். வேலை அவருக்கு முந்திய டிராஜன் காலத்திலேயே தொடங்கியிருக்கலாம் என்று இப்போது ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஹேட்ரியன் தன் பெயரைப் போடாமல் அக்ரிப்பாவின் பெயரையே விட்டுவைத்தார்.

முன்மண்டபத்தில் 16 தூண்கள். ஒவ்வொன்றும் ஒரே கல், சுமார் 12 மீட்டர் உயரம், எகிப்தின் கிரானைட். அவற்றைப் பாலைவனச் சுரங்கத்திலிருந்து நைல் வரை இழுத்து, படகிலேற்றி, கடல் கடந்து கொண்டுவந்தார்கள். மண்டபத்துக்கும் வட்டக் கூடத்துக்கும் நடுவே ஒரு சதுரக் கட்டு இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் அந்தக் கட்டின் முகத்தில், இப்போதைய முக்கோண முகப்புக்கு மேலே இன்னொரு முக்கோணத்தின் கோடு தெரியும். முதலில் இன்னும் உயரமான தூண்களுக்குத் திட்டமிட்டு, அவை கிடைக்காமல் முன்மண்டபத்தைத் தாழ்த்திவிட்டார்கள் என்று சில ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் ஏற்புடையதாகவே படுகிறது.

இதுவரை பார்த்தது கிரேக்கச் சட்டை. வெண்கலக் கதவைத் தாண்டி உள்ளே போனால் 43.3 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கூடம். தரையிலிருந்து உச்சிவரையுள்ள உயரமும் அதே 43.3 மீட்டர். அதாவது, அந்தக் குவிமாடத்தின் வளைவைக் கீழேயும் தொடர்ந்து முழுக் கோளமாக்கினால், அது தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு தூண் இல்லை. கம்பி வைக்காத காங்கிரீட் குவிமாடங்களில் இன்றும் உலகிலேயே பெரியது இதுதான்.

இது எப்படி நிற்கிறது? அஸ்திவாரத்துக் காங்கிரீட்டில் கனமான டிராவர்டைன் சுண்ணாம்புக்கல்லைப் போட்டார்கள். சுவரில் மேலே போகப் போக இலகுவான எரிமலைக் கல்லும் செங்கல் துண்டும். உச்சியை நெருங்கும்போது நுரைக்கல். கையில் எடுத்தால் கல் என்று நம்பமுடியாத கனமின்மை. குவிமாடத்தின் தடிமன் அடியில் சுமார் 6 மீட்டர், உச்சித் திறப்பின் ஓரத்தில் 1.2 மீட்டர். உட்புறத்தில் ஐந்து வரிசை, வரிசைக்கு 28 சதுரக் குழிவுகள். உச்சியில் எட்டு ஒன்பது மீட்டர் அகலத்துக்குக் கூரையே இல்லை. அந்தத் திறப்பைச் சுற்றியுள்ள செங்கல் வளையம், வளைவுக்கு உச்சிக்கல் செய்யும் வேலையைச் செய்கிறது. எல்லாப் பக்கமும் உள்நோக்கிச் சாயும் பாரத்தை வளையமாக நின்று வாங்கிக்கொள்கிறது.

குவிமாடம் ஒரே வார்ப்பு, அதனால் உதையே கிடையாது என்று சில இடங்களில் எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். அது தவறு. அதன் கீழ்ப்பகுதியில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசல்கள் இருப்பதை 1930களில் பழுதுபார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆரஞ்சுச் சுளைகளைப்போல அது பிரிந்து, சுளைக்குச் சுளை வளைவாக நின்று, உச்சி வளையத்தில் ஒன்றையொன்று சாய்ந்துகொண்டிருக்கிறது. வெளிப்புறம் குவிமாடத்தின் அடிப்பாகத்தில் படிக்கட்டுபோல் ஏற்றியிருக்கும் வளையங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. விரிய முயலும் இடத்தில் பாரம் வைத்து அமுக்கியிருக்கிறார்கள். அவற்றின் கீழே 6 மீட்டர் தடித்த சுவர். கூரையின் உதை எங்கே போகிறது என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடை இது.

நான் போன நாளில் தூறல் விழுந்தது. உச்சியிலிருந்து இறங்கிய மழை நேர்கோடாக வராமல், வெளிச்சத்தில் ஒரு திரைபோல ஆடிக்கொண்டே பளிங்குத் தரையில் விழுந்தது. தரை கண்ணுக்குத் தெரியாத அளவில் நடுவே மேடிட்டிருக்கிறது. இடையிடையே சிறு துளைகள். தண்ணீர் அவற்றைத் தேடி ஓடி மறைவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று போட்ட வடிகால் வழி இன்றும் வேலை செய்கிறது. வெயில் நாளில் வந்தால், ஒளி வட்டம் ஒன்று காலையிலிருந்து மாலைவரை உட்சுவரில் ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். ரோமின் பிறந்தநாளாகக் கொண்டாடும் ஏப்ரல் 21 அன்று நண்பகலில் அது வாசற்பக்கம் விழும். 609இல் இதைத் தேவாலயமாக மாற்றிவிட்டார்கள். இத்தனை முழுமையாக அது நமக்குக் கிடைத்ததற்கு அதுவே பெரிய காரணம்.

ஹேட்ரியனுக்குக் குவிமாடங்களில் இளம் வயதிலிருந்தே பித்து இருந்தது போலும். டிராஜன் தன் கட்டடக் கலைஞரான டமாஸ்கஸ் அப்பல்லோடோரஸுடன் பேசிக்கொண்டிருந்தபோது ஹேட்ரியன் குறுக்கே ஏதோ சொல்ல, "போய் உன் பூசணிக்காய்களை வரை, போ" என்று அப்பல்லோடோரஸ் விரட்டியதாக வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதியிருக்கிறார். டிவோலியில் ஹேட்ரியன் கட்டிய மாளிகையில் பூசணிக்காய்போலப் பள்ளமும் மேடுமாக வரிவரியாய் வளைந்த குவிமாடங்கள் இன்றும் பாதி இடிந்து நிற்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது அந்த வசவின் பொருள் விளங்குகிறது.

கூட்டத்துக்காகக் கட்டியவற்றில் அடுத்தது வட்ட அரங்கு. கிரேக்கர்கள் நாடக அரங்கை மலைச்சரிவில் குடைந்து அமைத்தார்கள். ரோமானியர்கள் வளைகூரைகளை அடுக்கி, தட்டையான நிலத்திலேயே ஒரு மலைச்சரிவைக் கட்டினார்கள். அதனால் ஊருக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் அரங்கு எழும்பலாம். இரண்டு அரைவட்ட அரங்குகளை எதிரெதிரே ஒட்டியதுபோன்ற நீள்வட்ட வடிவம். போம்பெய் நகரில் கி.மு. 70 வாக்கில் கட்டியது, இன்று மிஞ்சியிருக்கும் கல் வட்ட அரங்குகளில் பழமையானது.

இதை ஏன் கல்லில் கட்ட வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு துயரக் கதை இருக்கிறது. கி.பி. 27இல் ரோமுக்கு அருகே ஃபிடேனே என்ற ஊரில் ஒருவர் லாபத்துக்காக மர அரங்கு கட்டினார். உறுதியான நிலம் தேடவில்லை, மரங்களைச் சரியாகப் பிணைக்கவில்லை. காட்சி நாளில் அது கூட்டத்தோடு சரிந்தது. இறந்தவர்களும் உறுப்பிழந்தவர்களுமாக 50,000 பேர் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். அதன்பிறகு, போதிய சொத்து இல்லாதவர் காட்சி நடத்தக் கூடாது, நிலத்தைச் சோதிக்காமல் அரங்கு எழுப்பக் கூடாது என்று ரோமானியப் பேரவை ஆணையிட்டது.

ரோமின் பெரிய வட்ட அரங்கான கொலோசியத்தை அந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நீரோவின் மாளிகையில் செயற்கை ஏரி இருந்த பள்ளத்தில் பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கி, மகன் டைட்டஸ் 80இல் திறந்துவைத்தது. 189 மீட்டர் நீளம், 156 மீட்டர் அகலம், 48 மீட்டர் உயரம். அடியில் சுமார் 12 மீட்டர் ஆழத்துக்குக் காங்கிரீட் வளையம். பாரம் தாங்கும் இடங்களில் டிராவர்டைன், இடைச்சுவர்களில் இலகுவான கல், மேலே காங்கிரீட் வளைகூரை. பாந்தியனில் பார்த்த அதே சிக்கனப் புத்தி. தரைத்தளத்தில் 80 வளைவு வாசல்கள். நான்கைத் தவிர மற்ற 76க்கும் எண் வெட்டியிருந்தார்கள். வடபக்கத்தில் 23இலிருந்து 54வரை இப்போதும் தலைக்கு மேலே படிக்கலாம். ஏறத்தாழ 50,000 பேர் தங்கள் எண்ணைப் பார்த்து நுழைந்து, உரிய படிக்கட்டில் ஏறி, உரிய வரிசையில் உட்காரவும், முடிந்ததும் நெரிசல் இல்லாமல் கலையவும் அந்த வாசல்களும் நடைவழிகளும் போதுமானவையாக இருந்தன. இன்றைய கிரிக்கெட் மைதானங்களின் அமைப்பு இதிலிருந்து அதிகம் விலகவில்லை. சுவர்முழுக்க அம்மைத் தழும்புபோலக் குழிகள் தெரியும். கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்டு போனதன் வடு.

அதன் வெளிமுகத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் இருபுறம் அரைத்தூண் ஒட்டியிருக்கிறது. கீழ்த்தளத்தில் டோரிக் சாயல், அதன்மேல் அயோனிக், அதன்மேல் கொரிந்தியன். கிரேக்கத் தூண் பாணிகளின் பாடம் முழுவதையும் சுவரில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாரத்தைச் சுமப்பவை பின்னாலுள்ள கனத்த கால்களும் வளைவுகளும்தாம்.

குளியல் மண்டபங்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், சுருக்கிக்கொள்கிறேன். பேரரசர் காரகல்லா 216 வாக்கில் திறந்த குளியல் மண்டபத்தின் மையக் கட்டடம் மட்டும் 214 மீட்டர் நீளம், 110 மீட்டர் அகலம். குளிர்நீர்க் கூடம், இளஞ்சூட்டுக் கூடம், வெந்நீர்க் கூடம் என்று ஒரே அச்சில் அடுக்கியிருந்தார்கள். தரைக்கு அடியில் செங்கல் குட்டைத் தூண்கள். அவற்றுக்கு இடையே அடுப்பின் சூடு பரவி, சுவருக்குள் பதித்த குழல் ஓடுகள் வழியாக மேலேறும். அடித்தரை எப்படிச் சரிய வேண்டும் என்பதற்குக் கட்டட நூல் எழுதிய விட்ருவியஸ் சொல்லும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: உள்ளே ஒரு பந்தை எறிந்தால் அது நிற்காமல் அடுப்பு வாய்க்கே உருண்டு திரும்ப வேண்டும். அப்படிச் சரிந்திருந்தால் சூடும் சீராகப் பரவும் என்கிறார். ஒரு குளிர்நீர்க் கூடத்துக்குள் கூரையோடு நிற்க ஆசைப்பட்டால், ரோமில் டயோக்ளீஷியன் குளியல் மண்டபத்துக்குப் போங்கள். மைக்கேலேஞ்சலோ 1560களில் அதைத் தேவாலயமாக மாற்றியமைத்தார். குறுக்குக் கூரையும் கிரானைட் தூண்களும் அப்படியே இருக்கின்றன.

இத்தனை குளியலுக்குத் தண்ணீர் வேண்டுமே. கி.மு. 312இல் தொடங்கி ரோமுக்கு 11 நீர்வழிகள் அமைந்தன. படங்களில் பார்க்கும் வளைவுகள் அவற்றில் சிறு பகுதிதான். பெரும்பாலான தூரம் தண்ணீர் பூமிக்கு அடியில் வந்தது. பள்ளத்தாக்கைக் கடக்கும் இடத்தில்தான் வளைவு. பிரான்சின் நீம் நகருக்குப் போன நீர்வழி சுமார் 50 கிலோமீட்டர் நீளம். மொத்த இறக்கம் 12 மீட்டரை ஒட்டித்தான். கிலோமீட்டருக்கு ஒரு முழம்கூட இல்லை! அதில் கார்டோன் ஆற்றைக் கடக்கும் மூன்றடுக்குப் பாலம் 49 மீட்டர் உயரம். அதன் முகத்தில் அங்கங்கே கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். சாரம் முட்டுக்கொடுக்க விட்டுவைத்த அவற்றைப் பிறகு யாரும் செதுக்கி எடுக்கவில்லை.

கோயில், வெற்றி வளைவு இரண்டையும் விரைவாகச் சொல்கிறேன். ரோமானியக் கோயிலைக் கிரேக்கக் கோயிலிலிருந்து பிரித்தறிவது எளிது: உயர்ந்த பீடம், முன்பக்கம் மட்டும் படிக்கட்டு, முன்பக்கம் மட்டும் ஆழமான மண்டபம். நீம் நகரின் மேசோன் காரே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வெற்றி வளைவுகளில் டைட்டஸ், செப்டிமியஸ் செவெரஸ், கான்ஸ்டன்டைன் ஆகியோருடையவை ரோமில் நிற்கின்றன. கடைசியதில் டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் காலத்துச் சிற்பங்களை எடுத்துவந்து பதித்திருக்கிறார்கள். சிற்பத்துக்காக இவற்றைப் பார்க்கலாம். கட்டுமானப் பாடம் இவற்றில் குறைவு.

வீடு இரண்டு வகை. செல்வர் வீட்டில் நடுவே திறந்த கூரையுள்ள முற்றம், கீழே மழைநீர்த் தொட்டி, பின்னால் தூண் சூழ்ந்த தோட்டம். போம்பெயில் தெருத்தெருவாகப் பார்க்கலாம். நகரத்து மக்களில் பெரும்பாலோர் வாழ்ந்ததோ அடுக்குமாடிகளில். கீழே கடைகள், மேலே நான்கைந்து மாடிகள். ஏற ஏற வாடகை குறையும், ஆபத்து கூடும். தண்ணீர் மேல்மாடிக்கு ஏறாது, தீப்பிடித்தால் இறங்க வழியில்லை. அகஸ்டஸ் தெருவோரக் கட்டடங்களுக்கு 70 ரோமானிய அடி, அதாவது சுமார் 21 மீட்டர், உயர வரம்பு விதித்தார். டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார். அரண்மனைகளைவிட இந்த வீடுகளைப் பற்றி மாணவர்கள் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக பசிலிக்கா. இன்று அந்தச் சொல் தேவாலயத்தைக் குறிக்கிறது. முதலில் அது வழக்கும் வணிகமும் நடக்கும் பொதுக்கூடம். நீண்ட நடுக்கூடம், இருபுறம் தாழ்ந்த பக்கக்கூடங்கள், மேலே ஜன்னல் வரிசை. கிறித்தவர்களுக்குக் கூட்டமாக உள்ளே கூடி வழிபட இடம் தேவைப்பட்டபோது, வெளியே பலிபீடம் வைத்த கோயில் வடிவம் அவர்களுக்குப் பயன்படவில்லை, பசிலிக்காவை எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் டிரியர் நகரில் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அரசவைக் கூடம், 67 மீட்டர் நீளத்தில் ஒரு தூண்கூட இல்லாமல், இன்று தேவாலயமாக இருக்கிறது.

ரோமில் பேரரசர் மக்சென்டியஸ் 308 வாக்கில் தொடங்கி, அவரை வென்ற கான்ஸ்டன்டைன் முடித்த பசிலிக்கா மிகப் பெரியது. அது நின்ற இடத்தில் முன்பு இருந்தது ஒரு மிளகுக் கிடங்கு. பேரரசர் டொமிஷியன் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது; பெயரே 'மிளகுக் கிடங்கு' என்பதுதான். யவனர் மரக்கலம் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூறு முசிறியைப் பாடுகிறதே, அந்தக் கறி ரோமில் போய் இறங்கிய இடம் இது. தமிழில் அந்த வரியைப் படித்தவர்கள் அந்த இடத்தில் நிற்கும்போது மனம் கொஞ்சம் நெகிழத்தான் செய்யும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அந்தக் கிடங்கை மூடிக்கொண்டு எழுந்த பசிலிக்காவின் நடுக்கூடம் 80 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், உயரம் 35 மீட்டர். மூன்று குறுக்குக் கூரைகள் அதை மூடியிருந்தன. அவற்றின் உதையை வாங்க இருபுறமும் மூன்று மூன்று பீப்பாய்க் கூரை அறைகள். குறுக்குக் கூரைகளின் பாரம் இறங்கும் எட்டு இடங்களிலும் 14 மீட்டருக்கு மேல் உயரமான பளிங்குத் தூண்கள் எட்டு நின்றன. பார்ப்பவர்களுக்குக் கூரையையே அவைதாம் சுமப்பதுபோல் தோன்றியிருக்கும். நடுக்கூரை நிலநடுக்கத்தில் விழுந்தது. தூண்களும் ஒவ்வொன்றாகப் போயின. மிஞ்சிய கடைசித் தூணை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போப் ஐந்தாம் பவுல் பெயர்த்து எடுத்து, சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் நிறுத்தி, உச்சியில் மரியன்னையின் சிலையை வைத்தார். வடபக்கத்து மூன்று அறைகளும் இன்றும் கூரையோடு நிற்கின்றன. குறுக்குக் கூரை கிளம்பிய இடத்தில் காங்கிரீட்டின் முறிந்த முனைகள், அடியில் தூண் எதுவும் இல்லாமல், அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன.